இந்த வீட்டில் குடியிருந்தவர் யார்?

கட்டடத்தை ஆராய்வது ஒரு வேலை; அதில் குடியிருந்தவரை ஆராய்வது வேறொரு வேலை. முதலாவதற்குக் கண் வேண்டும். செங்கல் அடுக்கிய முறை, உத்தரத்தில் உளி விழுந்த தடம், பழைய சுவரோடு புதுச் சுவர் வந்து முட்டும் இடம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதற்குத் தாள் வேண்டும்: வரிப் பேரேடு, மக்கள்தொகைக் கணக்கு, குத்தகைப் பத்திரம், இறப்புச் சான்று. உள்ளூர் வரலாற்றுத் தன்னார்வலர்களின் எழுத்து பெரும்பாலும் இடறி விழுவது இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான். சுவரின் வயதைத் தயங்கித் தயங்கிச் சரியாகச் சொன்ன அதே கை, அச்சுவருக்குள் வாழ்ந்தவரின் மனநிலையைத் தயக்கமே இல்லாமல் எழுதத் தொடங்கிவிடுகிறது. கட்டடம் கண்முன் நிற்கும் உறுதியை, கண்முன் இல்லாத மனிதருக்குக் கடன் கொடுக்கும் பிழை இது. இத்துறையில் மிகப் பரவலான பிழையும் இதுவே.

இங்கே எடைபோட எடுத்துக்கொண்டது, லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 1894 முதல் நம் காலம் வரை நடந்துவந்த இத்தகைய முயற்சிகளை. சில சதுர மைல் பரப்புதான். அதே தெருக்களை நான்கு தலைமுறையினர் வெவ்வேறு கேள்விகளோடு நடந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே மண்ணில் முறைமை எப்படி வளர்ந்தது, எங்கே தேங்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான களம் அரிது. கையிலுள்ள அளவுகோலைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். காட்டப்படும் சான்று உண்மையில் இந்த வீட்டைப் பற்றியதுதானா? சான்றில் வரும் பெயர் இங்கே வாழ்ந்தவருடையதா, சொத்துக்கு உரியவருடையதா? சான்று தீர்ந்த இடத்தில் எழுதியவர் என்ன செய்தார்? மூன்றாவது கேள்விதான் கடினமானது. முதலிரண்டில் தேறியவர்களில் பலர் அங்கே தவறுகிறார்கள்.

சார்லஸ் ராபர்ட் ஆஷ்பியிடமிருந்து தொடங்குவது முறை. 1893இல், பிராம்லி-பை-போவில் இருந்த பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்க மாளிகை ஒன்றை, பள்ளிக்கூடம் கட்டுவதற்காக லண்டன் பள்ளி வாரியம் இடித்தது. அதன் முதன்மை அறையின் மரப்பலகை அலங்காரம் மட்டும் தப்பி அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. கட்டடக் கலைஞரும் கைவினைச் சங்க நிறுவனருமான ஆஷ்பி இந்த இழப்பிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்: இருப்பது என்னவென்று பதிவாகியிருந்தால்தான் இடிப்பதை எதிர்க்க முடியும். அடுத்த ஆண்டே ஒரு குழுவைக் கூட்டினார். வரைகலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் தம் ஓய்வுநேரத்தில் தெருத்தெருவாகப் போய் அளந்து வரைந்தார்கள். பின்னாளில் 'சர்வே ஆஃப் லண்டன்' என்று பெயர் பெற்ற பெருந்தொகுதி வரிசையின் பிறப்பு இப்படி ஊதியமில்லாத உழைப்பில் நிகழ்ந்தது.

குழுவின் முதல் சோதனை மைல் எண்டில் வந்தது. நலிந்த கப்பல் தலைவர்களுக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும் 1695இல் கட்டப்பட்ட டிரினிட்டி அறவிடுதியை, 28 சிறு வீடுகளும் நடுவே ஒரு வழிபாட்டுக் கூடமுமாக அமைந்த வளாகத்தை, இடித்துவிட அதன் உரிமையாளர்கள் எண்ணினார்கள். ஆஷ்பி குழு அதைப் பற்றித் தனிநூல் ஒன்றை 1896இல் வெளியிட்டது. அறநிலைய ஆணையர்கள் இடிப்புக்கு இசைவு மறுத்தார்கள். வளாகம் இன்றும் நிற்கிறது. ஆய்வு ஒரு கட்டடத்தின் விதியை மாற்றியதற்கு இவ்வளவு தெளிவான முன்னுதாரணம் இத்துறையில் அதற்கு முன் இல்லை என்றே நான் மதிப்பிடுகிறேன்.

முறைமையைப் பொறுத்தவரை ஆஷ்பி குழுவின் கொடை ஒழுங்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே வரிசையில் தலைப்புகள்: நில உரிமையாளர், அமைப்பும் கட்டிய காலமும், பழுது நிலை, வரலாற்றுக் குறிப்பு, வாழ்க்கைக் குறிப்பு, நூற்சான்று, பழைய படங்கள். சலிப்பூட்டும் வரிசைதான். ஆனால் அந்தச் சலிப்பில்தான் அதன் வலிமை. ஆர்வலருக்குப் பிடித்த வீட்டுக்குப் பத்துப் பக்கம், பிடிக்காததற்குப் பத்து வரி என்ற தன்விருப்பத்தை அது கட்டிப்போட்டது. எதுவும் கிடைக்காத தலைப்பின் கீழ் எதுவும் கிடைக்கவில்லை என்பதும் வெளிப்படையாகத் தெரிந்தது. இன்றைய தன்னார்வக் குழுக்களில் எத்தனை இந்தக் கட்டுப்பாட்டை ஏற்கும்?

குறை, அதே தலைப்பு வரிசைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. நில உரிமையாளருக்குத் தனித் தலைப்பு உண்டு, குடியிருந்தவருக்கு இல்லை. வாழ்க்கைக் குறிப்பு என்ற இடம் பெரும்பாலும் பட்டம் உடையவருக்கும் புகழ் உடையவருக்கும் போய்ச் சேர்ந்தது. குழு தன் பொருளாகக் கொண்டது நினைவுச் சின்னங்களை. பழையதும் அழகியதும் மட்டுமே அந்தச் சொல்லுக்குள் அடங்கின. கிழக்கு லண்டனின் மிக நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டே, அங்கே அறைக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்தவர்களை அந்தப் பதிவு தாண்டிச் சென்றது. காலத்தின் எல்லை அது என்று மன்னிக்கலாம்தான். ஆனால் ஆஷ்பியின் வட்டத்திலேயே வேறு கேள்வி கேட்டவர் ஒருவர் இருந்தார். ஆனந்த குமாரசுவாமி, பிராட் காம்ப்டனில் தாம் வாங்கிய பழைய நார்மன் தேவாலயத்தை ஆஷ்பியைக் கொண்டே பழுதுபார்த்து வீடாக்கிக்கொண்டவர். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் நூலை ஆஷ்பியின் அச்சுப்பொறியில் 1908இல் அச்சிட்டு முடித்தவர். அந்த நூலில் அவர் கலைப்பொருளை விவரிப்பதோடு நிற்கவில்லை. அதைச் செய்த கைவினைஞரின் நிலவுரிமை, சமூக நிலை, தொழில் ஒழுங்கு வரைக்கும் போனார். பொருளிலிருந்து மனிதருக்குப் போகும் வழி அன்றே திறந்திருந்தது. 'சர்வே' அந்த வழியில் நடக்க இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1952இல் தன்னார்வக் குழு கலைந்து, பணி முழுவதும் லண்டன் மாவட்ட மன்றத்தின் ஊதியம் பெறும் அறிஞர்களிடம் போனது. தரம் உயர்ந்தது, இதில் ஐயமில்லை. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பற்றி 1957இல் வந்த 27ஆம் தொகுதி, பட்டு நெசவு முதலாளிகள் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டுத் தெருக்களைப் பத்திரம் பத்திரமாகப் பின்தொடர்கிறது. எந்தத் தச்சர் எந்த மனையைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டினார், யாருக்குக் கைமாற்றினார் என்பதை அடிக்குறிப்போடு நிறுவுகிறது. இந்தத் துல்லியத்தை எந்த ஆர்வலர் குழுவும் தனித்து எட்டியதில்லை. எனினும் அந்தத் தொகுதியின் கவனம் வீடு பிறந்த காலத்திலேயே குவிந்துவிட்டது. பிறகு அதே வீடுகளில் வந்து தங்கி, தைத்து, தொழுது, பிள்ளை பெற்ற யூதக் குடியேறிகளின் நூறாண்டு அதில் மங்கலாகவே தெரிகிறது. பிரின்ஸ்லெட் தெருவின் வீடுகள் அத்தொகுதியில் விவரிக்கப்பட்டபோது, அவற்றுள் 19ஆம் இலக்க வீட்டின் மேல்மாடியில் டேவிட் ரொடின்ஸ்கி என்ற மனிதர் குடியிருந்துகொண்டிருந்தார். அவரிடம் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் கருவிகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தீர்ப்பு தங்கியிருப்பது அவற்றில்தான்.

இங்கிலாந்தில் வீட்டு வரலாறு எழுதுபவர் முதலில் நாடுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே இரவில் வீட்டுக்குள் இருந்த எல்லோர் பெயரும் அதில் உண்டு. வேலைக்காரி, குழந்தை, படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்தவர் எல்லோரும் சமமாகப் பதிவாகும் ஒரே ஆவணம் இது. அந்த வகையில் இதன் மதிப்பு ஈடற்றது. ஆனால் பட்டியலின் இடது ஓரத்தில் உள்ள எண், கணக்கெடுப்பாளர் தம் வசதிக்குப் போட்ட வரிசை எண். கதவிலக்கம் தெரு என்ற பத்தியில் இருக்கும். பல வேளைகளில் இருக்கவே இருக்காது. வரிசை எண்ணைக் கதவிலக்கமாக வாசித்து, பக்கத்துத் தெருக் குடும்பத்தின் வரலாற்றைத் தன் வீட்டுக்கு எழுதிவைத்த ஆர்வலர்கள் பலர். தெருக்களின் பெயர் மாறியிருக்கும். பிரின்ஸ்லெட் தெருவே முன்பு பிரின்ஸஸ் தெருவாக இருந்தது. வீட்டு இலக்கங்கள் மறுபடி போடப்பட்டிருக்கும். பெயர்மாற்றப் பட்டியலோடும் பழைய வரைபடத்தோடும் ஒத்துப்பார்க்காமல் எழுதிய வீட்டு வரலாறு, எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், வேறொரு வீட்டின் வரலாறாக இருக்கக்கூடும்.

கணக்கெடுப்பு காட்டுவது பத்தாண்டில் ஓர் இரவு. நடுவே உள்ள 3,652 இரவுகளை வேறு தாள்கள் நிரப்ப வேண்டும். வரிப் பேரேடு தொடர்ச்சி தரும். ஆனால் வரி கட்டியவரைத்தான் சொல்லும். தெரு விவரக்கொத்து குடும்பத் தலைவரை, அதுவும் கடை வைத்திருந்தவரைச் சொல்லும். 1709இல் தொடங்கிய மிடில்செக்ஸ் பத்திரப் பதிவகம் ஒரு பொக்கிஷம். ஆனால் அதன் அட்டவணை சொத்தைக் கொடுத்தவர் பெயரால் அமைந்தது, இடத்தின் பெயரால் அன்று. வீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய வழியில்லை. உரிமையாளர் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு கருவியும் தேடுபவரை உரிமையாளர் பக்கமாகவே இழுக்கிறது. சொத்து தாளை உண்டாக்குகிறது. வாடகை அவ்வளவாக உண்டாக்குவதில்லை. குடியிருந்தவரை எழுத விரும்பும் ஆய்வாளர் ஆற்றோட்டத்துக்கு எதிராக நீந்துகிறார் என்பதை மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் நாம் நியாயமாக நடந்தவர்கள் ஆகமாட்டோம்.

இன்னொரு தடை காலம். கணக்கெடுப்புத் தாள்கள் நூறாண்டு பூட்டிவைக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுக்கானது 2022 ஜனவரியில்தான் திறந்தது. 1931ஆம் ஆண்டுக்கானது 1942இல் தீயில் எரிந்தே போனது. போர் நடந்ததால் 1941இல் கணக்கெடுப்பே இல்லை. ஆகவே 1921க்குப் பின் ஒரு வீட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றிய தாள் மெலிந்துவிடுகிறது. அங்கே மனித நினைவே முதன்மைச் சான்று. தன்னார்வலர்களின் உண்மையான வலிமை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர் தட்டத் தயங்கும் கதவை அவர்கள் தட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரராக, தேவாலயத்திலும் மசூதியிலும் சந்தையிலும் பார்த்த முகமாக உள்ளே போகிறார்கள். ஸ்வீடனில் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்குவிஸ்ட் 1978இல், நின்ற இடத்தில் தோண்டுங்கள் என்ற பொருள்படும் தலைப்பிட்ட நூலில், தொழிலாளர்கள் தம் ஆலையின் வரலாற்றைத் தாமே ஆராய வேண்டும் என்று வழிமுறையோடு எழுதினார். இங்கிலாந்தில் வரலாற்றாசிரியர் ரஃபேல் சாமுவேலும் ரஸ்கின் கல்லூரி வரலாற்றுப் பட்டறையும் அதே திசையில் நடந்தார்கள். கேள்வி மாறியது: கட்டியவர் யார் என்பதோடு வாழ்ந்தவர் யார் என்பதும் சேர்ந்துகொண்டது. கல்விப்புலத்தில் இந்த மாற்றம் நுழைந்ததில் வெளியே நின்றவர்களின் பங்கு பெரிது.

இப்போது ரொடின்ஸ்கி. பிரின்ஸ்லெட் தெரு 19ஆம் இலக்கம் 1719இல் கட்டப்பட்டு, ஹியூகனாட் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் பட்டுக் குடும்பம் வாழ்ந்து, 1869இல் பின்கட்டில் யூதத் தொழுகைக்கூடம் எழுந்த வீடு. அதன் மேல்மாடி அறையை 1980 வாக்கில் திறந்தபோது புத்தகங்களும் குறிப்பேடுகளும், பல மொழிகளில் எழுதிய தாள்களும் தூசிக்குள் அப்படியே கிடந்தன. குடியிருந்தவர் 1960களில் ஒருநாள் மறைந்துவிட்டார் என்று ஊர் சொன்னது. சில ஆண்டுகளில் அவர் மாயமான அறிஞராகவும், மறைஞானம் கற்றவராகவும், அதற்கு மேலாகவும் வளர்ந்தார். ரேச்சல் லிக்டென்ஸ்டைன் என்ற ஓவியர் இந்தக் கதையின் பின்னால் பல ஆண்டுகள் அலைந்தார். அவருடைய தாத்தா பாட்டி அதே பகுதியில் கடை நடத்திய போலந்து யூதர்கள். அவர் கண்டது: ரொடின்ஸ்கி மாயமாகவில்லை. எப்சம் அருகே மனநல மருத்துவமனையில் 1969இல் இறந்திருந்தார். கல்லறையையும் லிக்டென்ஸ்டைன் தேடிப் பிடித்தார். எழுத்தாளர் இயன் சின்க்ளேரோடு மாறிமாறி அத்தியாயங்கள் எழுதி 1999இல் வெளியிட்ட நூல் இந்தத் தேடலின் பதிவு.

திறனாய்வாளரைத் திணறவைக்கும் நூல் இது. ஒருபுறம், தொழில்முறைப் பயிற்சி இல்லாத ஒருவர், ஊரே நம்பிய புனைவை ஓர் இறப்புச் சான்றால் உடைத்திருக்கிறார். இதைவிடத் தூய வரலாற்றுச் செயல் வேறென்ன? உறவினரைத் தேடிப் போனார். மருத்துவமனைப் பதிவைக் கேட்டுப் பெற்றார். தாயும் சகோதரியும் அந்த அறையில் பட்ட வறுமையை வெளிக்கொணர்ந்தார். மாய அறிஞர், கவனிக்க ஆளில்லாத நோயாளியாகத் தரைக்கு இறங்கினார். மறுபுறம், நூலின் கட்டமைப்பு இந்தத் தெளிவுக்கு எதிராகவே வேலை செய்கிறது. சின்க்ளேரின் அத்தியாயங்கள் அறையை ஒரு குறியீடாக மறுபடி மறுபடி ஊதிப் பெருக்குகின்றன. தேடுபவரின் சொந்த வாழ்வு, தற்செயல்கள், ஒத்திசைவுகள் சான்றுக்குச் சமமான இடத்தைப் பிடிக்கின்றன. எந்தச் செய்தி ஆவணத்திலிருந்து வந்தது, எது ஒருவர் நினைவிலிருந்து, எது உள்ளுணர்விலிருந்து என்று வாசகர் பிரித்துக்கொள்ளப் போதுமான கைப்பிடிகள் இல்லை. இலக்கியமாக அது வென்றிருக்கிறது. வரலாறாக, வென்ற இடத்தைத் தானே மறைக்கிறது. என் கணிப்பு: லிக்டென்ஸ்டைனின் தேடல் நூலைவிடப் பெரியது.

ஆனாலும் 1957 தொகுதியையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முறைமையில் குறையில்லாத அறிஞர் குழுவின் பதிவில் அந்தக் கூரையடியில் படுத்திருந்த மனிதர் இல்லை. முறைமை தளர்ந்த ஓவியர் அவருக்கு இறந்த நாளையும் புதைத்த இடத்தையும் மீட்டுக் கொடுத்தார். இந்த முரணை எதிர்கொள்ளாத எந்த அளவுகோலும் முழுமையானது அன்று. கேள்வியே தவறாக இருந்தால், துல்லியம் தவறான கேள்விக்குத் துல்லியமான விடையைத் தரும்.

இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முயன்றது வைட்சேப்பல் திட்டம். 'சர்வே ஆஃப் லண்டன்' 2013இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பார்ட்லெட் பள்ளிக்கு மாறிய பின், பீட்டர் கில்லரி தலைமையில் வைட்சேப்பல் பங்கின் ஆய்வு தொடங்கியது. 2016இல் ஊடாடும் வரைபடத் தளம் ஒன்று திறக்கப்பட்டது. வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாக இருந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு கட்டடத்தைத் தொட்டு, அதைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை, நினைவை, படத்தை, ஒலிப்பதிவைச் சேர்க்கலாம். அறிஞர்கள் தம் ஆய்வு வரைவுகளையும் அதே இடத்தில் வைத்தார்கள். 2022இல் 54, 55ஆம் தொகுதிகளாக நூல் வந்தது.

இதில் நான் மிக உயர்வாக மதிப்பது கையொப்பம். ஒவ்வொரு பதிவின் அருகிலும் எழுதியவர் பெயரும் தேதியும் இருந்தன. அறிஞர் குழுவின் பத்தியும், அங்கே தையற்கடை வைத்திருந்தவரின் மகன் எழுதிய நினைவும் ஒரே கட்டடத்தின் கீழ், ஆனால் கலக்காமல் நின்றன. ஊகமும் நினைவும் ஆவணமும் தத்தம் முகத்தோடு வந்தன. ரொடின்ஸ்கி நூலில் இல்லாத கைப்பிடி இதுதான். கட்டடத்துக்கு ஒரு காலத்தை மட்டும் உரியதாக்காமல், அடுத்தடுத்த குடிகளைச் சமமாக ஏற்றதும் பாராட்டுக்குரியது. 1940இல் குண்டு விழுந்த தூய மேரி தேவாலயத்தின் இடம் பின்னர் பூங்காவாகி, 1978 மே மாதம் அருகே குத்திக் கொல்லப்பட்ட வங்காளத் தொழிலாளி ஆல்தாப் அலியின் பெயரை 1998இல் பெற்றது. வைட்சேப்பல் என்ற ஊர்ப்பெயருக்கே காரணமான வெள்ளைத் தேவாலயம் நின்ற மண்ணில் இன்று ஒரு தையல் தொழிலாளியின் பெயர் இருக்கிறது. முந்தைய 'சர்வே' தேவாலயத்தோடு நின்றிருக்கும். புதிய அணுகுமுறைக்கு இரண்டும் ஒரே இடத்தின் வரலாறு.

குறைகளும் உண்டு, இலேசானவை அன்று. ஆங்கிலத்தில் எழுதி, தட்டச்சு செய்து, பதிவேற்றுபவரின் நினைவே முதலில் வந்து சேர்ந்தது. சில்ஹெட் பேச்சில் மட்டும் தன் வாழ்வைச் சொல்லத் தெரிந்த மூதாட்டியைப் போய் அடைய வேறு உழைப்பு வேண்டும். அழைப்பு எல்லோருக்கும் பொதுவானது என்பதால் வருகையும் பொதுவாகிவிடாது. விளைவாக வரைபடத்தில் சில கட்டடங்கள் நிறைந்தும் சில வெறிச்சோடியும் கிடக்கின்றன. ஆஷ்பியின் பழைய தலைப்பு வரிசை தடுத்த சமனின்மை இங்கே திரும்பி வருகிறது. தளத்தில் தனிக்குரலாக நின்றவை நூலின் ஒரே நடைக்குள் வரும்போது அடங்கியும் போகின்றன. இவை இருந்தும், கட்டுக்கோப்பில் இதுவரை நடந்த முயற்சிகளில் இதையே முதலில் வைப்பேன்.

ஆனால் கட்டடத்தை அலகாகக் கொள்ளும் முறைக்கே உள்ள ஓர் எல்லையை வைட்சேப்பல் திட்டமும் தாண்டவில்லை. வீடு என்பது நிலைத்து வாழ்ந்தவரைப் பிடிக்கும் வலை. ஓர் இரவு தங்கிப் போனவர், பருவத்துக்கு வந்து போனவர், கப்பல் வரும்வரை காத்திருந்தவர் அதன் கண்ணிகளில் நழுவிவிடுகிறார்கள். இந்த எல்லையை நேராகச் சந்தித்த முயற்சி சற்று வடக்கே, ஹாக்னியில் நடந்தது.

கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் இலக்கம். வெளிப்பார்வைக்கு எந்தச் சிறப்பும் இல்லாத வீடு. 1900 முதல் 1921 வரை அங்கே ஆயாக்கள் இல்லம் இயங்கியது. சென்னை, கல்கத்தா, பம்பாய், கொழும்பு போன்ற துறைமுகங்களிலிருந்து ஆங்கிலக் குடும்பங்களின் குழந்தைகளைக் கப்பலில் பார்த்துக்கொள்ள அழைத்து வரப்பட்ட பெண்கள், கரை இறங்கியதும் பலநேரம் கைவிடப்பட்டார்கள். திரும்பும் பயணத்துக்கு வேறொரு குடும்பம் கிடைக்கும் வரை தங்க அந்த இல்லம் இருந்தது. முன்னதாக நகரின் கிழக்கோரம் இருந்த இல்லம் ஹாக்னிக்கு வந்து, 1921இல் அதே சாலையில் 4ஆம் இலக்கத்துக்கு மாறியது. லண்டன் நகர மிஷன் அதை நடத்தியது.

இந்த வரலாற்றின் எலும்புக்கூட்டை 1986லேயே ரோஸினா விஸ்ராம் கட்டிவிட்டார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிரிட்டனில் இந்தியர் வரலாற்றை எழுதிய முன்னோடி நூலின் தலைப்பிலேயே ஆயாக்களை முதலில் நிறுத்தியவர். துறையில் இருந்த அந்த அறிவு தெருவில் இல்லை. ஹாக்னியில் வசித்த ஃபர்ஹானா மாமூஜி, தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் இல்லத்தைப் பற்றிக் கேட்டு, அது தம் வீட்டருகே இருந்ததை உணர்ந்து, தன்னார்வமாகத் தேடலும் பிரச்சாரமும் தொடங்கினார். உள்ளூர் அருங்காட்சியகமும் ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். 2022 ஜூனில் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் நினைவுப் பலகையான நீல வில்லை அந்தச் சுவரில் ஏறியது.

சான்றுகளின் நிலையைப் பாருங்கள். கப்பல் பயணிகள் பட்டியல் பலவற்றில் இப்பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. இன்னார் ஆயா என்று எசமானர் பெயரோடு முடிந்துவிடும். மிஷன் வெளியீடுகள் நிறையச் சொல்கின்றன. ஆனால் அவை மதம் பரப்பும் நோக்கோடு, நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை; இல்லத்தின் கருணையைக் காட்டவே ஆயாவின் துயரம் அங்கே தேவைப்பட்டது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 54 முறை கடல் கடந்ததாகக் குறிக்கப்பட்ட ஒருவர் திருமதி அந்தோணி பரேரா. அந்தோணி என்பது அன்றைய வழக்கப்படி கணவர் பெயராகவே இருக்க வேண்டும். 54 பயணம் எண்ணப்பட்டிருக்கிறது. அவருடைய சொந்தப் பெயர் எழுதப்படவில்லை. கணக்கெடுப்புத் தாள்களில் சில பெயர்கள் கிடைக்கின்றன. அந்த இரவில் இருந்தவர்கள் மட்டுமே. மறுநாள் கப்பலேறியவர்கள் இல்லை.

இப்படிப்பட்ட வெற்றிடம் எழுதுபவரைச் சோதிக்கும். ஒரு குழுப்படம் இருக்கிறது: ஓர் அறையில் கூடி உட்கார்ந்து தையல் வேலையில் இருக்கும் பெண்கள். அந்த முகங்களுக்குப் பெயரும் ஊரும் ஏக்கமும் கற்பித்து எழுதுவது எளிது. ஆயாக்களைப் பற்றிய பொது எழுத்தில் அந்த வழுக்கல் நேரத்தான் செய்கிறது. எல்லோரும் கைவிடப்பட்டவர்கள் என்ற ஒற்றைச் சித்திரம் அதன் விளைவு. கூலி பேசி, குடும்பம் தேர்ந்து, கடலைத் தொழிலாகக் கொண்ட பெண்களும் அவர்களில் இருந்தார்கள் என்பதற்கு அந்த 54 பயணங்களே சான்று. கைவிடப்பட்ட அப்பாவி என்ற வார்ப்பில் பரேரா அடங்கமாட்டார். இந்த எச்சரிக்கையைத் தவறவிட்ட எழுத்து, மிஷன் வெளியீடுகளின் கண்ணையே இரவல் வாங்கிக்கொண்டு, நோக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறது.

சாதனை அளவில் ஆயாக்கள் இல்லத் தேடல் மற்ற எல்லாவற்றையும்விட மெலிந்தது: ஒரு வீடு, சில பெயர்கள், ஒரு படம். ஆஷ்பி குழு ஒரு வளாகத்தைக் காப்பாற்றியது. 1957 தொகுதி ஒரு நகர்ப்பகுதியைப் பத்திரங்களால் மீட்டது. லிக்டென்ஸ்டைன் ஒரு மனிதரை முழுதாகக் கண்டெடுத்தார். வைட்சேப்பல் திட்டம் முறையைச் செப்பமாக்கியது. எனினும் நான் முதலில் சொன்ன மூன்றாவது கேள்வியை வைத்தால் தட்டு இந்தப் பக்கமே தாழ்கிறது. முகப்பு அலங்காரமோ கட்டியவர் புகழோ எதுவும் இல்லாத ஒரு வீட்டை, அதில் தங்கிப் போனவர்களுக்காக மட்டுமே நினைவுக்குரியதாக ஏற்கச் செய்தது, ஆஷ்பியின் தலைப்பு வரிசையில் இல்லாத தலைப்பை 128 ஆண்டுகளுக்குப் பின் அந்த வரிசையில் சேர்த்த செயல். அந்த வில்லையில் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. இல்லத்தின் பெயர் இருக்கிறது. சான்று எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு தூரமே எழுதியிருக்கிறார்கள்.